கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேசும் இடத்தில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் பெயரை எடுத்துவிட்டால் போதும், அடுத்த அரைமணி நேரத்துக்கு வேறு பேச்சே ஓடாது. எங்கே போனாலும் அதே கேள்விகள். பாதிப் பேர் அவர்களை வங்கிக் கொள்ளைக்காரர்கள் என்கிறார்கள். மீதிப் பேர் ரஷ்ய உளவாளிகள் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைத்துவிட்டேன்.

கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்னா என்ன சார்? கும்பலா, கம்பெனியா?

சங்கம். ஜெர்மன் சட்டப்படி பதிவு செய்யப்பட்டு, நிர்வாகக் குழு, ஆண்டுச் சந்தா, பொதுக்குழு எல்லாம் வைத்திருக்கிற சங்கம். ஏழாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். ஐரோப்பாவிலேயே பெரிய ஹேக்கர் சங்கம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஹாம்பர்க், பெர்லின், கொலோன் என்று ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. சுருக்கமாக சி.சி.சி.

ஆரம்பத்தில் இந்தப் பதிவு, சந்தா எதுவும் கிடையாது. சில நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், அவ்வளவுதான். ஹேக்கர் என்றால் திருடன் என்ற பொருளும் அங்கே அப்போது இல்லை. ஒரு கருவியை, செய்தவன் நினைக்காத விதத்தில் பயன்படுத்திப் பார்ப்பவன் ஹேக்கர். காபி மெஷினை வைத்து ரொட்டி வாட்ட வழி தேடுபவன் என்று கிளப்பின் மூத்தவர் வாவ் ஹாலண்ட் விளக்கம் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

1981லயே ஹேக்கர்களா? அப்போ கம்ப்யூட்டர் எத்தனை பேர்கிட்ட இருந்திருக்கும்?

ரொம்பக் கொஞ்சம் பேரிடம். அதனால்தான் செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. 1981 செப்டம்பர் 1 அன்று மேற்கு பெர்லினின் இடதுசாரி நாளிதழான 'டாட்ஸ்' பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. கணினிப் பைத்தியங்கள் தனித்தனியாக ஆளுக்கொரு மூலையில் உருட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு ஒன்றுகூடுவோம், செப்டம்பர் 12 காலை 11 மணிக்கு இதே பத்திரிகை அலுவலகத்துக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். ஹெர்வார்ட் ஹாலண்ட்-மோரிட்ஸ், அதாவது வாவ் ஹாலண்ட், அதில் முக்கியமான ஆள்.

வந்தவர்கள் உட்கார்ந்து பேசிய மேசைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1960களின் மாணவர் எழுச்சிக் காலத்தில் பெர்லினில் பேர்போன 'கம்யூன் 1' என்ற கூட்டுக் குடித்தனத்தின் மேசை அது. சும்மா சுவைக்காகச் சொல்லவில்லை. இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அந்த மேசையே காட்டிவிடுகிறது. அமெரிக்காவில் அதே காலத்து ஹேக்கர் குழுக்களில் பெரும்பாலும் பள்ளிப் பையன்கள், விளையாட்டுதான் முக்கியம். இங்கே கூடியவர்கள், அரசும் பெரிய நிறுவனங்களும் கணினியை வைத்து மக்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கப் போகின்றன என்று முன்கூட்டியே கவலைப்பட்டவர்கள். 1984இல் 'டாட்டன்ஷ்லாய்டர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். தகவலை உண்டிகோலில் வைத்து எறிவது என்கிற மாதிரி அர்த்தம்.

கக்கூஸ் சாமானை வெச்சு மோடம் செஞ்சாங்கன்னு படிச்சேன். கதைதானே?

கதையில்லை, நிஜம். அந்தக் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் தபால்துறைதான் தொலைபேசிக்கும் முதலாளி. அது அனுமதித்த கருவியைத் தவிர வேறு எதையும் தொலைபேசிக் கம்பியில் இணைப்பது சட்டப்படி குற்றம். தொலைபேசி வழியாகக் கணினிகளைப் பேசவைக்கும் கருவிதான் மோடம்; அனுமதி பெற்றதோ யானை விலை. அதனால் கம்பியைத் தொடாமலேயே வேலையை முடிக்கும் 'ஒலி இணைப்பி' ஒன்றைக் கிளப் வடிவமைத்து, செய்முறையோடு வெளியிட்டது. தொலைபேசியின் ரிசீவரை எடுத்து, பேசும் முனையையும் கேட்கும் முனையையும் இரண்டு ரப்பர் வளையங்களுக்குள் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு வளையத்துக்குள் சின்ன ஒலிபெருக்கி, இன்னொன்றுக்குள் மைக். கணினி கீச்சிடும், ரிசீவர் கேட்டுக்கொள்ளும்.

அந்த ரிசீவருக்குக் கச்சிதமாகப் பொருந்திய ரப்பர் வளையம், கழிப்பறைக் குழாய்களை இணைக்கப் பிளம்பர் பயன்படுத்துவது. எந்தக் குழாய்க்கடையிலும் கிடைக்கும். ஆகவே கருவிக்கு 'டாட்டன்க்ளோ' என்று பெயர் வைத்தார்கள். டேட்டா கக்கூஸ். வேகம்? அப்போதைய ஒலி இணைப்பிகளில் பொதுவாக நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரியும் உள்ள ஒரு திரை நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எழுத்து எழுத்தாக வருவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை அது.

பேங்க்ல இருந்து ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் மார்க் அடிச்சுட்டு, டிவியில வந்து சொன்னாங்களாமே?

இந்த ஒரு சம்பவம்தான் கிளப்பை ஜெர்மனி முழுக்க வீட்டுப் பெயராக்கியது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பு, 1980களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனித் தபால்துறை 'பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. சுருக்கமாக பி.டி.எக்ஸ். தொலைபேசி வழியாகத் திரையில் பக்கங்கள் வரும். ரயில் நேரம் பார்க்கலாம், சாமான் வாங்கலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம். சில பக்கங்களுக்குக் கட்டணம் உண்டு. பக்கத்தைத் திறந்தாலே திறந்தவர் கணக்கில் தொகை ஏறி, பக்கத்தை வைத்திருப்பவருக்குப் போய்விடும். பாதுகாப்பு பற்றிக் கேட்டால் கவலையே வேண்டாம் என்று தபால்துறை அடித்துச் சொன்னது. வாவ் ஹாலண்டும் கிளப்பின் இன்னொரு ஆளான ஸ்டெஃபன் வெர்னெரியும் அதில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

1984 நவம்பரில் ஒரு வார இறுதி. ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின், அதாவது ஹஸ்பாவின், பி.டி.எக்ஸ் அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் அவர்கள் கையில் இருந்தன. கிளப்புக்கு என்று பி.டி.எக்ஸில் கட்டணப் பக்கம் ஒன்று இருந்தது. ஒருமுறை திறந்தால் 9.97 மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்). வங்கியின் பெயரில் உள்ளே நுழைந்து, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கும்படி ஒரு கணினிக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். 13,510 முறை திறந்தது. மொத்தம் 1,34,694 மார்க் 70 ஃபெனிக். கொள்ளை என்றால் உலகத்திலேயே பொறுமையான கொள்ளை இதுவாகத்தான் இருக்கும். நவம்பர் 19 அன்று ஹாம்பர்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் முன்னிலையில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, நடந்ததை அப்படியே காட்டினார்கள். அன்றிரவே தொலைக்காட்சிச் செய்தியில் வந்துவிட்டது.

அந்தப் பணத்தை என்ன பண்ணாங்க? ஏன் ஜெயில்ல போடல?

பணத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை. அது கணக்கில் ஏறிய தொகை மட்டும்தான், கைக்கு வந்த காசு அல்ல. வங்கியோ ஆத்திரம் அவர்கள்மேல் கொள்ளவில்லை, தபால்துறை மேல் கொண்டது. பாதுகாப்பாக இருக்கிறது என்று எங்களிடம் சொன்னீர்களே என்பதுதான் வங்கியின் கோபம். அதன் நிர்வாகிகளில் ஒருவர் இவர்களுடைய திறமையைப் பாராட்டியே பேசினார்.

இன்னொரு காரணம் சட்டம். பிறருடைய கணினித் தரவுக்குள் நுழைவதற்கென்று தனிக் குற்றப்பிரிவு அப்போது மேற்கு ஜெர்மனியில் இல்லை. தரவுத் திருட்டு, கணினி மோசடி இரண்டும் குற்றம் என்று தனிப் பிரிவுகள் 1986 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தன. இதே காரியத்தை இரண்டு வருஷம் தள்ளிச் செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

தலைமறைவா இருக்கிறவங்க எதுக்குப் போய் சங்கம்னு பதிவு பண்ணிக்கணும்?

என்னைக் கேட்டால், இந்தக் கிளப் நாற்பது வருஷம் தாண்டி நிற்பதற்கு அந்தப் பதிவுதான் முதல் காரணம். மேலே சொன்ன சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும், 1986 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் சங்கமாகப் பதிந்துகொண்டார்கள். பதிவில்லாமல் நாலு பேர் கூடி ஹேக்கிங் பற்றிப் பேசினால், குற்றம் செய்யக் கூடிய கும்பல் என்று எளிதாக முத்திரை குத்திவிடலாம். சங்கம் என்று ஆகிவிட்டால் விதிமுறை உண்டு, முகவரி உண்டு, பேச ஒரு ஆள் உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம்.

அதே காலத்து மற்றக் குழுக்கள் எல்லாம் புனைபெயரில் இருட்டுக்குள் போனபோது, இவர்கள் சொந்தப் பெயரோடு வெளிச்சத்துக்கு வந்தார்கள். போலீஸ் கதவைத் தட்டுவதற்கு முன்பே பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுவிடுவது இவர்களுடைய பழக்கம். ஹஸ்பா விஷயத்தில் அது வேலை செய்தது. எல்லா நேரமும் வேலை செய்யவில்லை. அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

நாசாவுக்குள்ளேயே புகுந்தது இவங்கதானா?

புகுந்தவர்கள் வேறு இளைஞர்கள். மாட்டிக்கொண்டது கிளப். டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடிய வி.எம்.எஸ் இயங்குதளத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பயன்படுத்திச் சிலர், நாசாவும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையங்களும் இணைந்திருந்த 'ஸ்பான்' வலையமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளுக்குள் போய்விட்டார்கள். போன பிறகுதான் பயம் வந்தது. என்ன செய்வது என்று கிளப்பிடம் வந்தார்கள். கிளப் வழக்கம்போல 1987 செப்டம்பரில் ஊடகத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டது.

இந்த முறை பாராட்டு வரவில்லை. பிரான்ஸிலிருந்து புகார் வந்தது, ஹாம்பர்க்கில் வீடுகள் சோதனையிடப்பட்டன. 1988 மார்ச்சில், பாதுகாப்பு மாநாடு ஒன்றில் பேசப் போன வெர்னெரியைப் பாரிஸ் விமான நிலையத்திலேயே பிடித்து, இரண்டு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்திருந்தார்கள். செய்தி சொல்லப் போனவனைக் கட்டிப்போட்ட கதைதான்.

ரஷ்யாவுக்கு உளவு பார்த்தது இந்தக் கிளப்தானே? கேஜிபி கேஸ்னு சொல்றாங்களே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதிகக் குழப்பமும் இதில்தான். கிளப் உளவு பார்க்கவில்லை. கிளப்போடு பழகிய, அதன் கூட்டங்களுக்கு வந்துபோன சிலர் பார்த்தார்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் ஆய்வாளர் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. யாரோ காசு கொடுக்காமல் சில நொடிகள் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. உள்ளே வந்தவர் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அச்சிட்டுப் பார்த்தார். ஆள் ராணுவக் கணினிகளைத் தேடி அலைகிறார் என்று தெரிந்தது. நீண்ட நேரம் இணைப்பில் இருந்தால்தானே தடம் பிடிக்க முடியும்? அதற்காக, இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தின் பெயரில் பொய்யான கோப்புகளைக் குவித்து வைத்தார். வந்தவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, தொலைபேசித் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் போய் நின்றது. ஆள் பெயர் மார்கஸ் ஹெஸ்.

ஹெஸ்ஸுடன் இன்னும் சிலர் இருந்தார்கள். கார்ல் கோச் அதில் ஒருவர். பெங்கோ என்ற புனைபெயர் கொண்ட பெர்லின் இளைஞர் இன்னொருவர். அவர்களுடைய கூட்டாளிகள், எடுத்த தகவல்களையும் மென்பொருள்களையும் கிழக்கு பெர்லினுக்குக் கொண்டுபோய் கேஜிபி ஆளிடம் விற்றார்கள். மொத்தமாகக் கிடைத்தது சுமார் 90,000 மார்க் என்று சொல்லப்படுகிறது. போதைப்பொருள் பழக்கம், கடன், கொஞ்சம் அரசியல் கனவு எல்லாம் கலந்த கூட்டு. 1988இல் கோச்சும் பெங்கோவும் தாங்களாகவே அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். 1989 மார்ச்சில் கைது நடந்தது. 1990இல் செல்லே நகர நீதிமன்றத்தில் ஹெஸ் உட்பட மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதிகபட்சம் இரண்டு வருஷம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. விற்ற சரக்கில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை என்பது ஒரு காரணம்.

கோச் ஹானோவரில் கிளப் சார்ந்த சந்திப்புகளில் இருந்தவர். அது போதாதா? எல்லாச் செய்தியிலும் கிளப்பின் பெயர் அடிபட்டது. அந்த அடியில் கிளப் ஏறக்குறைய உடைந்தே போனது. யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம், ஹாம்பர்க்காரர்களுக்குள் சண்டை, சிலரின் விலகல். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990 பிப்ரவரியில் கிழக்கு பெர்லினில் இரண்டு பக்கத்துக் கணினி ஆர்வலர்களும் கூடிய மாநாட்டோடுதான் பெர்லின் கிளைக்கு உயிர் வந்தது.

கார்ல் கோச்சைக் கொன்னுட்டாங்கன்னு சொல்றாங்களே?

1989 மே மாதம் வேலைக்கு என்று வண்டியில் கிளம்பியவர் திரும்பவில்லை. சில நாள் கழித்து ஒரு காட்டில் எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. வயது 23. தற்கொலை என்பது அதிகாரபூர்வ முடிவு. 23 என்ற எண்மேல் அவருக்கு ஒரு பித்து இருந்தது. அதனால் கதை கட்டுபவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மனநோய், போதை, ஒருபக்கம் விசாரணை, இன்னொருபக்கம் பத்திரிகைக்காரர் தொல்லை என்று நெரிசலில் கிடந்த பையன் அவர். சதி தேடுவதற்கு முன் அதை யோசிக்கலாம்.

இதோடு சேர்த்து ட்ரான் பற்றியும் கேட்பார்கள். அது ஒரு புனைபெயர். தொலைபேசி அட்டைகளையும் குறியாக்கத்தையும் நுட்பமாக ஆராய்ந்த இளம் உறுப்பினர். குரலைக் குறியாக்கம் செய்யும் தொலைபேசியைப் படிப்புக்காகவே வடிவமைத்தவர். 1998 அக்டோபரில் பெர்லினில் ஒரு பூங்காவில் பிணமாகக் கிடைத்தார். போலீஸ் தற்கொலை என்றது. குடும்பமும் கிளப்பில் பலரும் ஏற்கவில்லை. அவருடைய பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று குடும்பம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே இங்கேயும் புனைபெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரான்ஸ்ல ஒரு போலி கேயாஸ் கிளப் இருந்துச்சாமே?

இருந்தது. 1989இல் கிளப் பெயரிலேயே பிரெஞ்சுக் கிளை என்று ஒன்று முளைத்தது. பின்னால் இருந்தது பிரெஞ்சு உள்நாட்டு உளவுத்துறை. அந்த நாட்டு ஹேக்கர்கள் தாமாக வந்து உட்காரட்டும் என்று வைத்த கண்ணி. ஜெர்மன் கிளப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமைச்சரோட கைரேகையை பத்திரிகையில அச்சடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 2008 மார்ச். ஜெர்மன் பாஸ்போர்ட்டில் கைரேகை சேர்க்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் வோல்ஃப்காங் ஷாய்ப்ளே பிடிவாதமாக நின்ற நேரம். ஒரு கூட்டத்தில் அவர் தண்ணீர் குடித்த கிளாஸிலிருந்து ரேகை எடுக்கப்பட்டு கிளப்புக்கு வந்தது. டாட்டன்ஷ்லாய்டர் இதழின் சுமார் 4,000 பிரதிகளில் அதை அச்சடித்ததோடு நிற்காமல், விரலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலமாகவும் வைத்து அனுப்பினார்கள். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. இதை நூறு கட்டுரையில் சொல்வதைவிட அந்த ஒரு படலம் தெளிவாகச் சொன்னது.

அந்த வரிசை தொடர்ந்தது. 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் கைரேகைப் பூட்டோடு வந்தது. விற்பனைக்கு வந்து ஓரிரு நாளிலேயே ஸ்டார்பக் என்ற புனைபெயர் கொண்ட உறுப்பினர் அதைத் திறந்து காட்டினார். கண்ணாடியில் பதிந்த ரேகையைத் துல்லியமாகப் படமெடுத்து, சுத்தப்படுத்தி, கெட்டி மையில் அச்சடித்து, அதன்மேல் மரவேலைப் பசையைத் தடவிக் காயவிட்டு உரித்தால் போலி விரல் தயார். அடுத்த வருஷம், பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லையனின் கட்டைவிரல் ரேகையைத் தொடாமலேயே, சாதாரண கேமரா படங்களிலிருந்து மீட்டெடுத்தார்.

ஓட்டு மெஷின்ல செஸ் விளையாடினது யாரு?

அது நெதர்லாந்து நண்பர்கள் ஆரம்பித்து வைத்தது, கிளப் கைகோத்தது. நெடாப் என்ற வாக்கு இயந்திரம். இது கணினியே இல்லை, வாக்கெண்ண மட்டும் செய்த தனிக்கருவி, முடிந்தால் இதில் செஸ் ஆடிக் காட்டட்டும் என்கிற மாதிரி தயாரிப்புத் தரப்பில் ஒருவர் சவால் விட்டார். 2006இல் உள்ளிருந்த சில்லின் நிரலை மாற்றி, செஸ் ஆடவைத்தார்கள். செஸ் ஆடும் இயந்திரம் வாக்கையும் மாற்றி எண்ணும் அல்லவா? அதையும் காட்டினார்கள்.

ஜெர்மனியில் இருவர் தொடுத்த வழக்கில் கிளப் நிபுணர் அறிக்கை கொடுத்தது. 2009 மார்ச் 3 அன்று கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம், 2005 தேர்தலில் இந்த இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. தேர்தல் எப்படி நடக்கிறது என்பதைச் சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது தீர்ப்பின் அச்சாணி. ஜெர்மனி காகிதச் சீட்டுக்கே திரும்பியது.

அரசாங்கமே வைரஸ் விட்டுச்சுன்னு இவங்க சொன்னது நிரூபணம் ஆச்சா?

ஆனது. இந்த விஷயத்தைத்தான் கிளப்பின் ஆகப் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன், ஹஸ்பாவைவிட.

பின்னணி இது: 2008இல் அரசியல் சாசன நீதிமன்றம், ஒருவருடைய கணினியின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. நடந்துகொண்டிருக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்கலாம், ஆனால் கணினி முழுவதையும் துழாவ மிகக் கடுமையான நிபந்தனை உண்டு. போலீஸ் பயன்படுத்தும் மென்பொருள் ஒட்டுக்கேட்பதோடு நின்றுவிடும் என்று அரசு சொன்னது. பிறகு கிளப்புக்குப் பெயர் சொல்லாமல் வன்தட்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்குள் இருந்த உளவு நிரலைப் பிரித்துப் பார்த்து 2011 அக்டோபர் 8 அன்று அறிக்கை வெளியிட்டார்கள். நிரல் திரையைப் படமெடுத்தது. அதைவிட முக்கியம், வேறு எந்த நிரலையும் தொலைவிலிருந்து இறக்கி ஓட்ட அதற்கு வழி வைத்திருந்தார்கள். அதாவது ஆதாரத்தை எடுக்கவும் முடியும், வைக்கவும் முடியும். வெளியே அனுப்பும் தரவைக் குறியாக்க ஒரே நிலையான சாவி. உள்ளே வரும் கட்டளைக்கு அதுவும் இல்லை, யார் அனுப்பினாலும் கேட்கும். தரவு போனது அமெரிக்காவில் இருந்த ஒரு சர்வர் வழியாக.

அதன் நிரல்வரிகளை ஒரு பெரிய நாளிதழின் ஞாயிறு பதிப்பு பக்கம் பக்கமாக அச்சிட்டது. காலைக் காபியோடு இயந்திரக் குறியீட்டைப் படிக்கக் கொடுத்த பத்திரிகை வேறெதுவும் எனக்குத் தெரியாது. பவேரியா மாநில அதிகாரிகள் அது தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வருஷக் கடைசியில நடக்கிற மாநாட்டுக்கு யார் வேணா போலாமா?

போகலாம், டிக்கெட் கிடைத்தால். அதுதான் கஷ்டம். 1984 டிசம்பரில் ஹாம்பர்க்கின் ஒரு சமூகக் கூடத்தில் தொடங்கியது, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில். பிறகு பெர்லின், மறுபடி ஹாம்பர்க், லைப்சிக் என்று இடம் மாறி, 2019இல் சுமார் 17,000 பேர் வந்தார்கள். பெருந்தொற்றில் மூன்று வருஷம் நேரடியாக நடக்கவில்லை, 2023இல் ஹாம்பர்க்குக்கே திரும்பியது. வாசலில் நிற்பது முதல் சமைப்பது வரை எல்லாம் தன்னார்வலர்கள். அவர்களுக்கு அங்கே 'தேவதைகள்' என்று பெயர். ஒரு விதி மட்டும் கண்டிப்பு: அனுமதி கேட்காமல் யாரையும் படமெடுக்கக் கூடாது.

அனானிமஸும் இவங்களும் ஒண்ணுதானே?

இல்லை. அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் முகமூடி போட்டுக்கொண்டு அந்தப் பெயரில் பேசலாம். இங்கே முகவரியும் பேச்சாளரும் உண்டு என்பதை முன்பே சொன்னேன். எல்லை எது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. 1998 கடைசியில் அமெரிக்கக் குழு ஒன்று, சீனா, இராக் நாடுகளின் கணினிகளை அழிப்போம் என்று 'போர்' அறிவித்தது. கிளப்பும், கல்ட் ஆஃப் த டெட் கவ், லாஃப்ட் போன்ற அமெரிக்கக் குழுக்களும் சேர்ந்து 1999 ஜனவரியில் அதைக் கண்டித்து கூட்டறிக்கை விட்டன. உள்ளே நுழைந்து பார்ப்பது ஒன்று, உடைப்பது வேறு. பிறர் தரவில் குப்பை போடாதே, பொதுத் தரவைப் பயன்படுத்து, தனிமனிதர் தரவைக் காப்பாற்று. அமெரிக்காவில் உருவான ஹேக்கர் நெறிமுறைகளோடு கிளப் சேர்த்துக்கொண்டவை இவை.

ஓட்டையைக் கண்டுபிடிச்சு நல்ல மனசோட சொன்னா இப்பவும் கேஸ் போடுவாங்களா?

போடலாம். 2007இல் சட்டத்தை இன்னும் இறுக்கி, பிறர் கணினிக்குள் நுழைய உதவும் கருவிகளைத் தயார் செய்வதையே குற்றமாக்கினார்கள். 2021இல் ஓர் ஆய்வாளர், ஜெர்மனியின் பெரிய கட்சிகளில் ஒன்றான சி.டி.யுவின் தேர்தல் பிரசாரச் செயலியில் மக்களுடைய விவரங்கள் திறந்து கிடப்பதைக் கண்டு முறைப்படி தெரிவித்தார். கட்சி அவர்மேலேயே புகார் கொடுத்தது. இனி உங்கள் ஓட்டைகளை உங்களிடம் சொல்ல மாட்டோம் என்று கிளப் அறிவித்துவிட்டது. பிறகு கட்சி மன்னிப்புக் கேட்டுப் புகாரைத் திரும்பப் பெற்றது. தரவுக்குப் பூட்டே போடவில்லை, ஆகவே பூட்டை உடைத்த குற்றமும் இல்லை என்று விசாரணை முடிந்தது. கட்சிக்கு இதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை.

நீங்க ரொம்பத்தான் தூக்கிவெச்சுப் பேசறீங்க. குறையே இல்லையா?

இருக்கிறது. கேஜிபி காலத்தில் தங்கள் பக்கத்திலேயே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தார்கள். 2011இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்திலிருந்து பிரிந்து வந்த டேனியல் டோம்ஷைட்-பெர்க்கை நிர்வாகக் குழு அவசரமாக நீக்கியது. ஆறு மாதத்தில் உறுப்பினர் கூட்டம் கூடி அந்த முடிவை ரத்து செய்தது. அப்புறம், பெண்கள் எண்ணிக்கை வெகுகாலம் குறைவாகவே இருந்தது. உள்ளே இருப்பவர்களே இதைப் பற்றிச் சத்தம் போட்டிருக்கிறார்கள்.

கடைசியா ஒண்ணு. ஹஸ்பா பாஸ்வேர்டு நிஜமா எப்படிக் கிடைச்சது?

இதைக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்வேன். கிளப் சொன்னது இது: பி.டி.எக்ஸில் ஒரு பக்கத்தை எழுதும்போது இடத்தைத் தாண்டி நிரப்பினால், கணினியின் நினைவகத்தில் கிடக்கும் வேறு யாருடையதோ தகவல் திரையில் வழியும். அப்படி வழிந்ததில் வங்கியின் அடையாளமும் கடவுச்சொல்லும் வந்தன. தபால்துறை இதை ஏற்கவில்லை. நிரம்பி வழிவது உண்மைதான், ஆனால் அதில் கடவுச்சொல் வர வாய்ப்பில்லை, எங்கேயோ யாரோ தட்டும்போது எட்டிப் பார்த்திருப்பார்கள் என்றது. ஓட்டையைத் தபால்துறை அடைத்துவிட்டதால் மறுபடி செய்து பார்க்கவும் வழியில்லை. வாவ் ஹாலண்ட் 2001 ஜூலையில், 49 வயதில் இறந்துபோனார். சண்டை இன்றுவரை தீரவில்லை.

கடவுச்சொல் என்ன என்பதில் மட்டும் சண்டை இல்லை. 'யு.எஸ்.டி' என்ற மூன்று சின்ன எழுத்து, ஒரு ஏழு, நாலு சைபர்.